சி நிரலைப் பார்ஸ் செய்யும்போது ஹெடர் ஃபைல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

கேள்வி இது: சில நூறு சி ஃபைல்கள் கையில் இருக்கின்றன. பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி, அவற்றிலுள்ள ஃபங்ஷன்களின் பெயர், அவை வாங்கும் ஆர்க்யுமென்ட்கள், ஸ்ட்ரக்சர்களின் உறுப்புகள், அவற்றின் அளவு ஆகியவற்றைப் பட்டியலாக எடுக்க வேண்டும். சி நிரலைப் பார்ஸ் செய்யும், அதாவது படித்து அதன் அமைப்பைப் பிரித்தறியும், பைசிபார்சர் என்ற பைத்தான் லைப்ரரி, ஹெடர் ஃபைலை உள்ளே இழுக்கும் முதல் இன்க்ளூட் வரியிலேயே நின்றுவிடுகிறது. கிளாங் கம்பைலரின் பார்சரைத் தரும் லிப்கிளாங் லைப்ரரியில் போட்டால் எஸ்டிடிடெஃப்.ஹெச் என்ற ஹெடர் கிடைக்கவில்லை என்கிறது. இன்க்ளூட் வரிகளை எல்லாம் அழித்துவிட்டு ஓட்டினால், எந்தத் தவறும் இல்லாத வரிகளில் பிழை காட்டுகிறது. எப்படிச் சரிசெய்வது?

கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். இன்க்ளூட் வரிகளை அழிப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வழிதான். ஆனால் சி மொழியின் இலக்கணம் அதற்கு இடம் தராது. ‘அ * ஆ;’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘அ’ ஒரு மாறி என்றால் இது பெருக்கல். ‘அ’ டைப்டெஃப் மூலம் உருவான ஒரு வகை என்றால், ‘ஆ’ என்ற பாயின்டரை அறிவிக்கும் வரி. வரியை மட்டும் பார்த்து எது என்று சொல்லவே முடியாது. அதனால்தான் சி பார்சர் படித்துக்கொண்டே போகும்போது, இதுவரை எந்தெந்தப் பெயர்கள் வகைப்பெயர்களாக அறிவிக்கப்பட்டன என்ற பட்டியலையும் கூடவே வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலின் பெரும்பகுதி ஹெடர்களிலிருந்துதான் வருகிறது. ஹெடரை எடுத்துவிட்டால் பார்சருக்குச் சொல்லகராதியே போய்விடுகிறது. நல்ல வரியில் பிழை வருவது அதனால்தான்.

ஹெடரிலிருந்து வருபவை முக்கியமாக மூன்று: வகைகள், மேக்ரோக்கள் (கம்பைலுக்கு முன் வேறு உரையாக விரிக்கப்படும் பெயர்கள்), ஃபங்ஷன் அறிவிப்புகள். ஒவ்வொன்றும் இல்லாமல் போவதன் விளைவு வேறுவேறு. ஃபங்ஷன் அறிவிப்பு இல்லாவிட்டால் நஷ்டம் குறைவு. இலக்கணப்படி அழைப்பு அழைப்புதான். திருப்பித் தரும் வகை தெரியாது, அவ்வளவே. வகை இல்லாவிட்டால் மேலே சொன்ன குழப்பம். மேக்ரோ இல்லாமல் போவதுதான் மிக மோசம். லினக்ஸ் கெர்னலில் லிஸ்ட்டைச் சுற்றிவரும் மேக்ரோக்கள் உண்டு; விரித்தால் ஃபார் லூப் ஆகிவிடும். அதை வரையறுக்கும் ஹெடர் இல்லையென்றால், பார்சருக்கு அது ஒரு ஃபங்ஷன் அழைப்பு. அதன்பின் அரைப்புள்ளி இல்லாமல் ஒரு நெளிவு அடைப்புக்குறி வருவதால் அங்கே பார்சிங் உடைந்துவிடும். இப்படி உடைந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். ‘#இஃப்’ வரியில் வரும் பெயர் வரையறுக்கப்படாமல் இருந்தால், ப்ரீப்ராசசர் (இன்க்ளூட், மேக்ரோ, ‘#இஃப்’ வரிகளை முதலில் கையாளும் கட்டம்) அதைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும். இது சி மொழியின் விதி. ஹெடர் கிடைக்காததால் ஒரு மேக்ரோ வரையறுக்கப்படவில்லை, அதனால் ஒரு ‘#இஃப்’ பகுதி முழுக்க விட்டுப்போனது, அதற்குள் இருந்த நாற்பது ஃபங்ஷன்கள் பட்டியலில் வரவில்லை என்று வையுங்கள். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும் வரையறுக்கப்படாத பெயர் ‘#இஃப்’பில் வந்தால் எச்சரிக்கும் ‘-டபிள்யூஅன்டெஃப்’ என்ற ஆப்ஷன் இருக்கிறது. இந்த வேலைக்கு அதைப் போட்டுவைப்பது நல்லது.

ஆகவே, பிழைச் செய்தியை எப்படி நிறுத்துவது என்று யோசிக்காமல், அந்த ஹெடர் ஏன் கிடைக்கவில்லை என்று முதலில் பாருங்கள். காரணத்துக்குத் தக்கபடி வழி மாறும்.

உங்கள் எஸ்டிடிடெஃப்.ஹெச் சிக்கலையே எடுத்துக்கொள்வோம். பலர் இதைப் பார்த்ததும் சி லைப்ரரியை மறுபடி நிறுவுகிறார்கள். அதில் பயன் இல்லை. எஸ்டிடிஐஓ.ஹெச், ஸ்ட்ரிங்.ஹெச் போன்றவை சி லைப்ரரியோடு வருபவை. லினக்ஸில் வழக்கமாக /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் ஃபோல்டரில் இருக்கும். ஆனால் எஸ்டிடிடெஃப்.ஹெச், எஸ்டிடிஆர்க்.ஹெச், எஸ்டிடிபூல்.ஹெச், ஃப்ளோட்.ஹெச் போன்றவை கம்பைலரோடு வருபவை. சைஸ்_டி எத்தனை பைட், மாறும் எண்ணிக்கையிலான ஆர்க்யுமென்ட்களை எப்படி எடுப்பது என்பதெல்லாம் கம்பைலருக்குத்தான் தெரியும் என்பதால் இந்தப் பிரிவு. கிளாங் இவற்றை ரிசோர்ஸ் டைரக்டரி என்ற தனி இடத்தில் வைத்திருக்கிறது. லிப்கிளாங் லைப்ரரி, தான் எங்கே நிறுவப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து கணக்குப் போட்டு அந்த இடத்தைத் தேடும். பிப் மூலம் லிப்கிளாங் பேக்கேஜை நிறுவினால் லைப்ரரி ஃபைல் மட்டும்தான் வருகிறது, ஹெடர்கள் வருவதில்லை. கணக்குப் போட்ட இடத்தில் எதுவும் இருக்காது. எஸ்டிடிஐஓ.ஹெச் கிடைத்து, அது உள்ளே இழுக்கிற எஸ்டிடிடெஃப்.ஹெச் மட்டும் கிடைக்காமல் போவது இதனால்தான்.

தீர்வு எளிது. கணினியில் கிளாங் கம்பைலரையும் நிறுவி, ‘-பிரின்ட்-ரிசோர்ஸ்-டிர்’ ஆப்ஷனோடு ஓட்டினால் சரியான பாதையைச் சொல்லும். அதை லிப்கிளாங்குக்குத் தரும் ஆர்க்யுமென்ட் பட்டியலில் ‘-ரிசோர்ஸ்-டிர்’ என்பதற்கு அடுத்ததாகக் கொடுங்கள். லைப்ரரியின் பதிப்பும் கம்பைலரின் பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். பாதையை நிரலுக்குள் கையால் எழுதிவைக்க வேண்டாம். கிளாங் 15 வரை ஃபோல்டர் பெயரில் முழுப் பதிப்பு எண் இருந்தது. 16 முதல் முதல் எண் மட்டும்தான். கையால் எழுதிய பாதைகள் இப்படித்தான் ஒருநாள் திடீரென்று உடைகின்றன. ஒவ்வொரு முறையும் கம்பைலரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பைலரிடம் கேட்பது என்ற இந்தப் பழக்கத்தைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். ஹெடர் எங்கே இருக்கும் என்று நீங்களோ நானோ ஊகிக்கத் தேவையே இல்லை. அந்த நிரலை உண்மையில் கம்பைல் செய்கிற கம்பைலருக்கு அது தெரியும். ஜிசிசியில் ‘-ஈ -வி -எக்ஸ் சி’ என்று கொடுத்து, ஒரு வெற்று ஃபைலைப் படிக்கச் சொன்னால், எந்தெந்த ஃபோல்டர்களை எந்த வரிசையில் தேடுகிறது என்று அச்சிடும். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இந்தப் பட்டியல் வழக்கமான வெளியீட்டில் வராது, பிழை வெளியீட்டில்தான் வரும். வழக்கமான வெளியீட்டைப் படித்துவிட்டு ஒன்றுமே வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம், பட்டியல் இங்கே தொடங்குகிறது என்று சொல்லும் வரி கணினியின் மொழி அமைப்புக்கு ஏற்ப மாறக்கூடும். அதைத் தேடிப் படிக்கும் நிரல் எழுதினால், அந்தக் கட்டளைக்கு மட்டும் எல்சி_ஆல் என்ற சூழல் மாறியை ‘சி’ என்று வைத்து ஓட்டுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஜிசிசி தந்த பட்டியலை அப்படியே கிளாங்குக்குக் கொடுத்தால் வேறு பிழைகள் கிளம்பும். அந்தப் பட்டியலில் ஜிசிசியின் சொந்த ஹெடர் ஃபோல்டரும் இருக்கும். அதிலுள்ள ஹெடர்கள், குறிப்பாகப் பிராசசரின் சிறப்புக் கட்டளைகளுக்கானவை, ஜிசிசிக்கு மட்டுமே தெரிந்த உள்ளமைந்த ஃபங்ஷன்களை அழைக்கின்றன. கிளாங்குக்கு அவை தெரியாது. ஆகவே அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் நீக்கிவிட்டு, அதன் இடத்தில் கிளாங்கின் ரிசோர்ஸ் டைரக்டரியைப் பயன்படுத்துங்கள். மற்றவற்றை ‘-ஐசிஸ்டம்’ ஆப்ஷனோடு கொடுக்கலாம்.

ஆப்பிளின் மேக் கணினியில் இதே கேள்விக்கு விடை வேறு. 2018இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் ஃபோல்டர் இயல்பாக இருப்பதில்லை. ஹெடர்கள் எக்ஸ்கோட் என்ற நிரலாக்கக் கருவியின் எஸ்டிகே தொகுப்புக்குள் இருக்கின்றன. எக்ஸ்சிரன் கட்டளையை ‘--ஷோ-எஸ்டிகே-பாத்’ என்று ஓட்டி, வரும் பாதையை ‘-ஐசிஸ்ரூட்’ ஆப்ஷனில் தர வேண்டும். விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவின் டெவலப்பர் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்தால், இன்க்ளூட் என்ற சூழல் மாறியில் தேவையான பாதைகள் எல்லாம் நிரம்பியிருக்கும். உங்கள் நிரலை அங்கிருந்தே ஓட்டினால் பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்தது, ப்ராஜெக்டின் சொந்த ஹெடர்கள். இவை உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எங்கோ இருக்கும், ஆனால் பார்சருக்கு எங்கே என்று தெரியாது. இதற்கு மிகச் சிறந்த வழி கம்பைலேஷன் டேட்டாபேஸ். கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன் என்ற பெயரில் ஒரு ஃபைல். ஒவ்வொரு சி ஃபைலுக்கும் எந்த ஃபோல்டரில் நின்று, எந்தக் கட்டளையோடு கம்பைல் செய்தார்கள் என்பது அதில் இருக்கும். ப்ராஜெக்டின் பில்ட் கருவி சிமேக் என்றால், சிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ் என்ற மாறியை ஆன் செய்தால் போதும். சிமேக் உருவாக்கும் பில்ட் ஃபைல்கள் மேக்ஃபைல், நின்ஜா ஆகிய இரண்டு வகைகளில் ஒன்றாக இருந்தால் மட்டும் இது வேலை செய்யும். மெசான் என்ற பில்ட் கருவி தானாகவே உருவாக்கிவிடும். பழைய மேக்ஃபைல் மட்டும் இருந்தால் பேர் என்ற கருவி இருக்கிறது. மேக்ஃபைலைப் படித்து பில்ட் செய்யும் மேக் கட்டளை ஓடும்போது, அது அழைக்கிற கம்பைலர் கட்டளைகளை ஒட்டுக்கேட்டு எழுதிவைக்கும். ஆனால் உண்மையில் ஓடிய கட்டளைகளை மட்டும்தான் அதனால் பிடிக்க முடியும். ஏற்கெனவே பாதி கம்பைல் ஆகிய ப்ராஜெக்டில் ஓட்டினால் பாதிப் பட்டியல்தான் வரும். முதலில் மேக் கிளீன், அப்புறம் பேர். லினக்ஸ் கெர்னலுக்கு இதற்கென்றே தனி ஸ்க்ரிப்ட் அதன் மூலநிரலோடு வருகிறது.

இந்தக் கட்டளைகளை லிப்கிளாங்குக்குக் கொடுக்கும்போது அப்படியே கொடுக்கக் கூடாது. பட்டியலின் முதல் சொல் கம்பைலரின் பெயர். நடுவில் ‘-சி’ இருக்கும், ‘-ஓ’வும் அதன் பின் வெளியீட்டு ஃபைலும் இருக்கும், சி ஃபைலின் பெயரும் இருக்கும். இவற்றை நீக்கிவிட்டு மீதியைக் கொடுங்கள். அப்புறம், தேடு பாதைகள் பலசமயம் சார்புப் பாதைகளாக இருக்கும். கட்டளை ஓடிய ஃபோல்டரிலிருந்து பார்த்தால்தான் அவற்றுக்குப் பொருள் உண்டு. ஒன்று, உங்கள் நிரல் அந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ‘-வொர்க்கிங்-டைரக்டரி’ ஆப்ஷனில் அதைச் சொல்ல வேண்டும். டேட்டாபேஸ் சரியாக இருந்தும் ஹெடர் கிடைக்கவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

டேட்டாபேஸ் வழியின் இன்னொரு பலன், ‘-டி’ ஆப்ஷன்களில் வரும் மேக்ரோ வரையறைகளும் கூடவே கிடைப்பது. ஹெடர் பாதையைச் சரிசெய்துவிட்டு இவற்றை மறந்தால், மேலே சொன்ன மௌனப் பிழை மறுபடி வரும். கான்ஃபிகர் ஸ்க்ரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் கருவியைப் பயன்படுத்தும் பழைய ப்ராஜெக்ட்களில், ஹேவ்_கான்ஃபிக்_ஹெச் என்ற மேக்ரோ இருந்தால் மட்டுமே கான்ஃபிக்.ஹெச்சை உள்ளே இழுக்கும் வழக்கம் உண்டு. மேக்ரோ இல்லாவிட்டால் அந்த இன்க்ளூட் வரியே கண்ணில் படாது. ஹெடர் கிடைக்கவில்லை என்ற செய்திகூட வராது.

கான்ஃபிக்.ஹெச் என்றதும் நினைவுக்கு வருவது, எங்கே தேடினாலும் கிடைக்காத ஹெடர்கள். மூலநிரலில் அவை இருக்கவே இருக்காது. பில்ட் நடக்கும்போதுதான் பிறக்கும். கான்ஃபிகர் ஸ்க்ரிப்ட் எழுதும் கான்ஃபிக்.ஹெச், பார்சர் உருவாக்கும் கருவியான பைசன் எழுதும் டோக்கன் ஹெடர், கெர்னலில் ஜெனரேட்டட் ஃபோல்டருக்குள் வரும் ஆட்டோகான்ஃப்.ஹெச் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு ஒரே நேர்வழி, பில்டை ஒருமுறை ஓட்டுவது. முழுக்க முடியாவிட்டாலும் கான்ஃபிகர் கட்டம் வரையாவது ஓட்டுங்கள். எவையெல்லாம் இப்படிப் பிறக்கிற ஹெடர்களாக இருக்கலாம் என்று முன்கூட்டியே அறிய ஜிசிசியில் ‘-எம்எம் -எம்ஜி’ என்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். கிடைக்காத ஹெடரைக் கண்டு நிற்காமல், பின்னால் வரப்போகிற ஃபைல் என்று எடுத்துக்கொண்டு சார்புப் பட்டியலில் சேர்த்துவிடும். அந்தப் பட்டியலில் டிஸ்க்கில் இல்லாதவற்றை மட்டும் பிரித்தெடுத்தால், என்னென்ன வேண்டும் என்பது கையில் வந்துவிடும். ஒன்று மட்டும்: கிடைக்காத ஹெடருக்குள் வேறு என்ன இன்க்ளூட் இருந்திருக்கும் என்று அதற்குத் தெரியாது. ஒன்றைச் சரிசெய்ததும் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

வெளி லைப்ரரியின் ஹெடர் என்றால் அதன் டெவலப்மென்ட் பேக்கேஜை நிறுவ வேண்டும். எந்தப் பேக்கேஜ் என்று தெரியாவிட்டால், டெபியன் குடும்பத்தில் ஏபிடி-ஃபைல், ஃபெடோரா குடும்பத்தில் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் ஆகியவை ஃபைல் பெயரை வைத்துத் தேடித் தரும். நிறுவியபின் பாதையைப் பிகேஜி-கான்ஃபிக் கட்டளையிடம் ‘--சிஃப்ளாக்ஸ்’ என்று கேட்டு வாங்குங்கள். ஜிலிப் என்ற லைப்ரரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜிலிப்.ஹெச் ஒரு பொதுவான இன்க்ளூட் ஃபோல்டரில் இருக்கும். அது இழுக்கிற ஜிலிப்கான்ஃபிக்.ஹெச், கணினியின் கட்டமைப்பைப் பொறுத்து மாறுவதால், லைப்ரரி ஃபோல்டருக்குள் வேறு இடத்தில் இருக்கும். பிகேஜி-கான்ஃபிக் இரண்டு பாதைகளையும் சேர்த்தே தரும்.

டேட்டாபேஸும் இல்லை, பில்ட் செய்யவும் முடியாது, மூலநிரல் மட்டும்தான் என்ற நிலையில் தானியங்கித் தேடல் எழுதலாம். பார்ஸ் செய், கிடைக்காத ஹெடரின் பெயரை எடு, ப்ராஜெக்ட் ஃபோல்டர் முழுக்கத் தேடு, கிடைத்த ஃபோல்டரைத் தேடு பாதையில் சேர், மறுபடி பார்ஸ் செய். இந்தச் சுழற்சி பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஃபைல் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். இன்க்ளூட் வரியில் ‘நெட்/யூட்டில்.ஹெச்’ என்று இருந்து, அது ‘சோர்ஸ்/கோர்/நெட்/யூட்டில்.ஹெச்’ என்ற இடத்தில் கிடைத்தால், சேர்க்க வேண்டியது ‘சோர்ஸ்/கோர்’ மட்டும்தான். பாதையின் வால்பகுதி முழுக்கப் பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்திய பகுதியை வெட்டியபின் மிஞ்சுவதைச் சேர்க்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கிடைத்தால், இழுக்கிற ஃபைலுக்கு மிக அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்; அப்படித் தேர்ந்தெடுத்ததைப் பதிவும் செய்துவையுங்கள். ஒரே பெயரில் நான்கு பிளாட்ஃபார்ம்களுக்கு நான்கு ஹெடர்கள் இருக்கிற ப்ராஜெக்டில் அருகில் இருப்பது தவறாகவும் இருக்கலாம். பின்னால் யாராவது சரிபார்க்கும்போது அந்தப் பதிவுதான் உதவும்.

ஹெடர் இருக்கிற எல்லா ஃபோல்டர்களையும் மொத்தமாகச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஏதாவது ஒரு ஃபோல்டரில் டைம்.ஹெச் என்றோ ஸ்ட்ரிங்.ஹெச் என்றோ ப்ராஜெக்டின் சொந்த ஹெடர் இருக்கும். ‘-ஐ’ (பெரிய எழுத்து ஐ) கொண்டு சேர்த்த ஃபோல்டர்கள் கணினியின் சொந்த ஃபோல்டர்களுக்கு முன்னால் தேடப்படுவதால், உண்மையான டைம்.ஹெச்சின் இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சம்பந்தமே இல்லாத கணினி ஹெடர்களுக்குள் பிழைகள் கொட்டும். இதற்கு அதிகம் பேர் பயன்படுத்தாத நல்ல மருந்து ‘-ஐகோட்’. இதில் சேர்த்த ஃபோல்டர்கள் மேற்கோள் குறிக்குள் எழுதிய இன்க்ளூட்களுக்கு மட்டுமே தேடப்படும். கோண அடைப்புக்குறிக்குள் எழுதியவற்றைத் தொடாது. ஆகவே உங்கள் தானியங்கித் தேடல், மேற்கோள் குறி வடிவத்தில் கிடைக்காமல் போனவற்றின் ஃபோல்டரை ‘-ஐகோட்’ மூலமாகவும், கோண அடைப்பில் கிடைக்காமல் போனவற்றின் ஃபோல்டரை ‘-ஐ’ மூலமாகவும் சேர்க்கட்டும். மேற்கோள் குறி வடிவத்தில், இன்க்ளூட் வரி இருக்கும் ஃபைலின் ஃபோல்டர்தான் முதலில் தேடப்படும். முதன்மை சி ஃபைலின் ஃபோல்டர் அல்ல. தேடலை நீங்களே எழுதும்போது இதில் தவறு நேர்வது சகஜம். இன்க்ளூட் வரிகளை ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொண்டு பொறுக்குவதையும் தவிருங்கள். ஹெடர் பெயரே மேக்ரோவாக இருக்கும் இன்க்ளூட் வரிகளும் உண்டு.

இப்போது பைசிபார்சருக்கு வருவோம். அது ப்ரீப்ராசசர் இல்லாத, பைத்தானில் மட்டும் எழுதப்பட்ட சி பார்சர். இன்க்ளூட், டிஃபைன் எதுவும் அதற்குத் தெரியாது. கமென்ட்களைக்கூட அது எதிர்பார்ப்பதில்லை. ஏற்கெனவே ப்ரீப்ராசஸ் ஆன நிரலைத்தான் கொடுக்க வேண்டும். அதன் பார்ஸ்_ஃபைல் ஃபங்ஷனில் யூஸ்_சிபிபி என்பதை ட்ரூ என்று வைத்தால், வெளி ப்ரீப்ராசசரை அதுவே ஓட்டிக்கொள்ளும். ஆனால் உண்மையான கணினி ஹெடர்களை உள்ளே விட்டால் அடுத்த சிக்கல்: லினக்ஸில் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியின் ஹெடர்களில் ஜிஎன்யூவின் மொழி விரிவாக்கங்கள் நிறைய உண்டு, அட்ரிபியூட், எக்ஸ்டென்ஷன், அசெம்பிளி துணுக்குகள் என்று. பைசிபார்சர் அவற்றைக் கண்டதும் நின்றுவிடும்.

அதற்காகவே அந்த ப்ராஜெக்ட் ஃபேக்_லிப்சி_இன்க்ளூட் என்ற ஃபோல்டரைத் தருகிறது. உள்ளே எஸ்டிடிஐஓ.ஹெச் முதலான பெயர்களில் போலி ஹெடர்கள். அவை எல்லாம் இரண்டே இரண்டு ஃபைல்களைத்தான் இழுக்கின்றன: ஒன்றில் சில மேக்ரோக்கள், மற்றதில் சைஸ்_டி, ஃபைல் போன்ற பெயர்களை இன்ட் என்று அறிவிக்கும் டைப்டெஃப்கள். பிப் மூலம் நிறுவும்போது இந்த ஃபோல்டர் வராது. மூலநிரல் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ப்ரீப்ராசசருக்கு ‘-நோஸ்டிடிஇன்க்’ என்றும், இந்த ஃபோல்டரை ‘-ஐ’ என்றும் கொடுத்தால், உண்மையான கணினி ஹெடர்கள் தலைகாட்டாது. உங்கள் நிரலிலேயே அட்ரிபியூட் இருந்தால், அதை வெற்று மேக்ரோவாக ‘-டி’ மூலம் வரையறுத்துவிடலாம்.

இந்தப் போலி ஹெடர் வழி எனக்குப் பிடித்தமானது. ஆனால் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதில் தெளிவு வேண்டும். ஒரு பெயர் வகைப்பெயரா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்ற வேலைகளுக்கு இது கச்சிதம். ஃபங்ஷன் பெயர்கள், ஆர்க்யுமென்ட் பெயர்கள், எது எதை அழைக்கிறது என்பதெல்லாம் சரியாக வரும். அளவு கணக்கிட வேண்டுமென்றால் இது கூடவே கூடாது. ஃபைல் என்ற வகை அங்கே வெறும் இன்ட். உங்கள் கேள்வியில் ஸ்ட்ரக்சர்களின் அளவும் வேண்டும் என்று இருப்பதால், அந்தப் பகுதிக்கு லிப்கிளாங்கும் உண்மையான ஹெடர்களும்தான் வழி. எந்தக் கணினிக்காக என்பதும் முக்கியம்: 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். சிறு மைக்ரோகன்ட்ரோலருக்கு எழுதிய நிரலை உங்கள் லேப்டாப்பின் ஹெடர்களோடு பார்ஸ் செய்தால், எல்லாம் சுத்தமாக முடியும், விடை மட்டும் தவறாக இருக்கும். அங்கே ‘--டார்கெட்’, ‘--சிஸ்ரூட்’ இரண்டையும் அந்தக் கன்ட்ரோலருக்காகக் கம்பைல் செய்யும் கிராஸ் கம்பைலரின் அமைப்புக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும்.

ப்ராஜெக்டின் ஹெடர் உண்மையிலேயே தொலைந்துபோயிருந்தால், போலி ஹெடரை நீங்களே எழுதலாம். தெரியாத வகைகளை உள்ளடக்கம் இல்லாத ஸ்ட்ரக்சராக (பெயர் மட்டும், நெளிவு அடைப்புக்குறியே இல்லாமல்) அறிவியுங்கள், இன்ட் என்று அறிவிக்க வேண்டாம். உள்ளடக்கம் இல்லாத ஸ்ட்ரக்சரின் அளவை யாராவது கேட்டால் கம்பைலர் மறுத்துவிடும். இன்ட் என்று எழுதினால் 4 என்று கூசாமல் பதில் சொல்லும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வைக்கிற போலிதான் நல்ல போலி. வகையை நேரடி மாறியாகவோ ஸ்ட்ரக்சரின் உறுப்பாகவோ பயன்படுத்தியிருந்தால் மட்டும் இது ஒத்துவராது. அப்போது ஏதாவது ஒரு உள்ளடக்கம் தந்து, பட்டியலில் அந்த வகைக்குப் பக்கத்தில் ஊகம் என்று குறித்துவிடுங்கள்.

ப்ரீப்ராசஸ் ஆன ஃபைலில் உங்கள் நூறு வரி ஆயிரக்கணக்கான வரிகளாகப் பெருகியிருக்கும், கணினி ஹெடர்களின் ஃபங்ஷன்களும் கலந்து வரும். பயப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு துண்டும் எந்த ஃபைலின் எந்த வரியிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும் குறிப்பு வரிகளை ப்ரீப்ராசசர் நடுநடுவே விட்டுச்செல்லும். பைசிபார்சர் அதைப் பயன்படுத்திப் பார்ஸ் மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் ஃபைல் பெயரை வைத்திருக்கிறது; லிப்கிளாங் ப்ரீப்ராசஸிங்கைத் தானே செய்வதால் அதனிடமும் அந்தத் தகவல் இருக்கிறது. அதை வைத்து உங்கள் ஃபைலில் பிறந்தவற்றை மட்டும் வடிகட்டிக்கொள்ளலாம்.

சரி, எந்த வழியிலும் ஹெடர்களைத் திரட்ட முடியவில்லை, வெளியிலிருந்து வந்த துண்டு நிரல்கள்தான் இருக்கின்றன என்றால்? அப்போது ட்ரீ-சிட்டர் போன்ற பொறுத்துப்போகும் பார்சர் பக்கம் போகலாம். அது ஹெடரைத் திறப்பதே இல்லை. இன்க்ளூட் வரியையும் ஒரு கணுவாக வைத்துக்கொண்டு, புரியாத இடத்தில் பிழைக் கணு போட்டுவிட்டுத் தொடரும். ஜோர்ன் என்ற ஆய்வுக் கருவியும் ஹெடர்கள் இல்லாத நிரலை ஏற்கும். கெர்னல் திருத்தங்களுக்குப் புகழ்பெற்ற காக்சினெல், ப்ரீப்ராசஸ் செய்யாமலே சி நிரலைப் படிக்கிறது. பெயர்களும் வடிவமும் போதும் என்றால் இவை தாராளமாகப் போதும். ஆனால் ‘அ * ஆ;’ வரியில் இவை செய்வது ஊகம்தான், பெரும்பாலும் நல்ல ஊகம்.

கடைசியாக, நான் நேரில் பட்ட ஒன்று. லிப்கிளாங்கின் பைத்தான் இணைப்பில் ஹெடர் கிடைக்காவிட்டால் எக்ஸெப்ஷன் எதுவும் எழாது. பார்ஸ் ஃபங்ஷன் ஒரு மரத்தைத் திருப்பித் தரும். எல்லாம் சரியாக நடந்ததுபோலவே இருக்கும். பிழை, டயக்னாஸ்டிக்ஸ் என்ற பட்டியலில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். தெரியாத வகையைக் கண்டால் கிளாங் அதை இன்ட் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறது. முன்பு ஒருமுறை, ஒரு நெறிமுறையின் செய்தி வடிவங்களைப் பட்டியலிட நான் எழுதிய நிரல், யூஇன்ட்64_டி உறுப்புகளை எல்லாம் இன்ட் என்றே அச்சிட்டது. எஸ்டிடிஇன்ட்.ஹெச் கிடைக்கவில்லை, நான் டயக்னாஸ்டிக்ஸைப் பார்க்கவில்லை. அளவுகள் எல்லாம் நம்பும்படியாகவே இருந்தன. வேறொருவர் ஒரு வரியைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து, பார்ஸ் செய்த உடனே டயக்னாஸ்டிக்ஸைப் படித்து, தீவிரம் 3 அல்லது அதற்கு மேல் ஏதாவது இருந்தால் அந்த ஃபைலை விடைப்பட்டியலில் சேர்க்காமல் தனியே ஒதுக்கிவிடுகிறேன். 3 என்பது பிழை, 4 என்பது ஆபத்தான பிழை. கிடைக்காத ஹெடர் 4இல் வரும். இன்னொன்று: ஆபத்தான பிழை வந்தபின் கிளாங் பொருள் ஆய்வை வழக்கமாகப் பாதியில் நிறுத்திவிடும். ஒரே ஓட்டத்தில் முடிந்தவரை எல்லாப் பிழைகளையும் பார்க்க, பார்ஸ் ஆப்ஷன்களில் கீப்கோயிங் என்பதற்கான 512 என்ற எண்ணைச் சேருங்கள். தானியங்கித் தேடல் சுழற்சிக்கு இது மிகவும் உதவும். ஒரு சுற்றுக்கு ஒரு ஹெடர் என்று தவழ வேண்டியதில்லை.

உங்கள் ஃபைல்களில் இந்த வரிசையில் போங்கள். முதலில் ரிசோர்ஸ் டைரக்டரியைக் கொடுங்கள். நீங்கள் சொன்ன எஸ்டிடிடெஃப்.ஹெச் பிழை அதிலேயே போய்விடும். பின்பு, கிடைக்காத ஹெடர்களின் பெயர்களை எல்லா ஃபைல்களிலிருந்தும் திரட்டி, எது எத்தனை ஃபைலில் வருகிறது என்று எண்ணுங்கள். நூற்றுக்கணக்கான பிழைகளும் பெரும்பாலும் நான்கைந்து ஹெடர்களில் போய் முடியும். எல்லாம் சுத்தமான பின், அளவு முக்கியமான ஸ்ட்ரக்சர்களில் ஐந்தாறைத் தேர்ந்தெடுத்து, உங்கள் நிரல் சொன்ன அளவை ஸ்டாட்டிக் அசர்ட் (கம்பைல் செய்யும்போதே சரிபார்க்கப்படும் நிபந்தனை) வரிகளாக ஒரு சிறு சி ஃபைலில் எழுதி, ப்ராஜெக்டின் உண்மையான கம்பைலரில், உண்மையான ஆப்ஷன்களோடு கம்பைல் செய்யுங்கள். ஒரு வரி தோற்றால்கூட, எந்த ஸ்ட்ரக்சர் என்று பார்த்து, அதன் உறுப்புகளின் வகைகள் எந்த ஹெடரிலிருந்து வந்தன என்று பின்னோக்கித் தேடுங்கள்.